மறு: மைக்ரோவேவ் அவனுக்குத் தமிழ் - பெயர் இருக்கட்டும், வினைச்சொல் எங்கே?

எல்லோருக்கும் வணக்கம்.

மைக்ரோவேவ் அவனை ‘நுண்ணலை அடுப்பு’ என்று சொல்லலாமா, வேறு பெயர் வேண்டுமா என்று இந்தக் குழுவில் நாலு நாளாக வந்த மடல்களை நேற்றிரவுதான் ஒரே மூச்சில் வாசித்தேன். எனக்கு இதில் ஒரு சொந்த அவசரம் இருக்கிறது, அதைக் கடைசியில் சொல்கிறேன். முதலில், அந்தப் பெட்டிக்குள் ஓடும் அலையை ‘நுண்ணலை’ என்பதற்கு ஓர் ஐயா எழுதிய ஆட்சேபம்.

> 12 சென்ரிமீற்றர் நீளமான அலையை ‘நுண்’ என்பது எப்படிப் பொருந்தும்?

கணக்கு சரிதான் ஐயா, நான் வீட்டிலேயே அளந்து பார்த்தேன். சுழலும் கண்ணாடித் தட்டை வெளியே எடுத்துவிட்டு, உள்ளே ஒரு கிண்ணத்தைக் கவிழ்த்து, அதன் மேல் தட்டு வைத்து, பொரிக்காத அப்பளங்களைத் தண்ணீர் தொட்டு நெருக்கி அடுக்கி, அரை நிமிடம் ஓடவிட்டேன். தட்டு சுழலாததால் அங்கங்கே மட்டும் வெள்ளையாகக் கொப்பளித்து, இடையில் இருந்ததெல்லாம் பச்சையாகவே கிடந்தது. மகளின் அடிமட்டத்தை வைத்து ஒரு கொப்பளத்திலிருந்து அடுத்ததற்கு அளந்தால் ஏறக்குறைய 6 சென்ரிமீற்றர், அதாவது அரை அலைநீளம். (ஒழுங்கான வரிசையாக வராது, பெட்டிக்குள் அலை எல்லாப் பக்கமும் மோதித் திரும்புகிறது. மனைவி கேட்ட கேள்வி வேறு: அப்பளத்துக்குக் காசு யார் தருவது?)

ஆனால் ‘நுண்’ என்பது எறும்போடு ஒப்பிட்டு வைத்த பெயர் இல்லை, மற்ற வானொலி அலைகளோடு ஒப்பிட்டு வைத்தது. இரண்டாம் உலகப் போரின் தொடக்கத்தில் பிரித்தானியக் கரையைக் காத்த ராடர்களின் அலை பல மீற்றர் நீளம். 1940 பெப்ரவரியில் பர்மிங்ஹாம் பல்கலைக்கழகத்தில் ராண்டல், பூட் என்ற இரண்டு பௌதிகவியலாளர்கள் ஒரு செப்புக் கட்டியில் குழிகள் குடைந்து செய்த மக்னெற்றோன் என்ற அலை உண்டாக்கும் குழாய், அலைநீளத்தைப் பத்து சென்ரிமீற்றருக்குக் கொண்டுவந்தது, அதுவும் நல்ல வலுவோடு. அந்தப் பல மீற்றர் அலைக்குப் பக்கத்தில் இது நுண்தான். இன்னொன்று, 1933இல் சிக்காகோ கண்காட்சியில் வெஸ்டிங்ஹவுஸ் என்ற மின்சாதன நிறுவனத்தார் இரண்டு உலோகத் தகடுகளுக்கு நடுவில் இறைச்சியையும் உருளைக்கிழங்கையும் வைத்து வானொலி அலையால் சமைத்துக் காட்டினார்கள். அது 60 மெகாஹேர்ட்ஸ், அலைநீளம் 5 மீற்றர். ஆக அலையால் சமைப்பது முன்பே இருந்தது, நுண்ணலையால் சமைப்பதுதான் பிறகு வந்தது. ‘நுண்’ணை எடுத்துவிட்டால் இந்த வேறுபாடே போய்விடும்.

எங்கள் பாடப்புத்தக மரபில் மைக்ரோஸ்கோப்புக்கு ‘நுணுக்குக்காட்டி’ இருப்பதால் ‘நுணுக்கலை அடுப்பு’ என்று வைக்கலாம் என ஒருவர் எழுதியிருந்தார். வேண்டாம். நுண்கலைப் பீடத்தின் சமையலறை போல இருக்கிறது.

‘உட்சூட்டடுப்பு’ என்ற யோசனையையும் விட்டுவிடுவோம். உணவு உள்ளிருந்து வெளியே வேகிறது என்பது பரவலான நம்பிக்கை, ஆனால் அலை போவது வெளிப்புறத்திலிருந்து ஒன்றிரண்டு சென்ரிமீற்றர் ஆழம்தான். மிச்சம் வழக்கம்போலச் சூடு பரவித்தான் வேக வேண்டும். பெரிய உருளைக்கிழங்கை அவசரமாக எடுத்து வெட்டிப் பார்த்தவர்களுக்குத் தெரியும்.

சரி, அடுத்தது ‘அடுப்பா, போறணையா’ சண்டை. தெகிவளை அக்கா எழுதிய மடல்தான் இந்த இழையிலேயே எனக்குப் பிடித்தது. ‘ஒவன்’ என்பதற்கு எங்களிடம் பாண் சுடுகிற போறணை இருக்கும்போது ஏன் அடுப்புக்குப் போகிறீர்கள் என்று கேட்டிருக்கிறார். போறணை என்ற சொல்லை நான் விடவே மாட்டேன், அதைச் சொல்லும்போதே பாண் வாசம் வருகிறது. ஆனால் போறணை வேலை செய்வது எப்படி? விறகை உள்ளே எரித்து, சுவரையும் தளத்தையும் நன்றாகச் சூடேற்றி, அந்தச் சூட்டில்தான் பாண் வேகிறது. மைக்ரோவேவில் ஓடி முடிந்ததும் உள்சுவரைத் தொட்டுப் பாருங்கள், சோற்று ஆவி பட்ட வெதுவெதுப்பைத் தவிர ஒன்றும் இருக்காது. போறணையின் உயிரே சுவர்ச் சூடு, அது இல்லாததற்குப் போறணை என்று பெயர் வைத்தால் போறணைக்குத்தான் அவமானம்.

அடுப்புக்கு நெருப்பு வேண்டாமா என்று கேட்டவருக்கு: வேண்டாம். அடு என்றால் சமை. அட்டில், அடுக்களை, அடிசில் எல்லாம் அந்த வேர்தான், ஒன்றிலும் நெருப்பு இல்லை. எனவே ‘நுண்ணலை அடுப்பு’ இருக்கட்டும், ஏற்கெனவே பலர் எழுதுகிறார்கள், புதிதாக ஒன்று செய்து குழப்ப வேண்டாம். ‘மைக்ரோவேவ் அவன்’ என்று மட்டும் எழுதாதீர்கள். போன வாரம் அம்மா தொலைபேசியில் ‘மீன்குழம்பை அவனுக்குள்ள வைச்சிட்டு வாறன்’ என்றார், பக்கத்தில் இருந்த என் நண்பர் யாரை என்று கேட்டார்.

இதை முதலில் விற்றவர்களும் பெயருக்கு இப்படித்தான் அலைந்திருக்கிறார்கள். கதை உங்களுக்குத் தெரிந்ததுதான்: ரேதியோன் என்ற அமெரிக்க நிறுவனத்தில் ராடருக்கு மக்னெற்றோன் செய்துகொண்டிருந்த பேர்சி ஸ்பென்சர், பள்ளிப்படிப்பைப் பாதியில் விட்ட மனிதர், 1945இல் ஓடுகிற குழாய்க்குப் பக்கத்தில் நின்றபோது சட்டைப்பையில் இருந்த இனிப்பு உருகிவிட்டது. சொக்லேற் என்பார்கள், கச்சான் கட்டி என்றும் ஒரு கதை உண்டு. மறுபடி சோளப்பொரி, பிறகு முட்டை. முட்டை வெடித்தது. அந்த ஆண்டு ஒக்டோபரிலேயே காப்புரிமைக்கு விண்ணப்பித்துவிட்டார்கள். பெயருக்கு நிறுவனத்துக்குள்ளேயே ஒரு போட்டி வைத்து, வென்ற பெயர் ‘ராடரேஞ்ச்’, ராடரும் ரேஞ்ச் என்ற அடுப்பும் ஒட்டியது. 1947இல் வந்தபோது அது ஆளுயரம், 340 கிலோ, குளிர்விக்கத் தண்ணீர்க் குழாய் வேறு. மேசையில் வைக்கிற அளவுக்கு 1967இல்தான் வந்தது, விலை 495 டொலர். போட்டி வைத்துத் தேர்ந்த பெயர் இன்று பழைய விளம்பரங்களில்தான் இருக்கிறது, நிலைத்தது வெறும் ‘மைக்ரோவேவ்’. அதுவும் ஏன் நிலைத்தது என்றால், ஆங்கிலம் பேசுகிறவர்கள் அதை வினைச்சொல்லாகவும் ஆக்கிக்கொண்டார்கள். யப்பானியர் இன்னும் ஒரு படி மேல். எழுத்தில் ‘இலத்திரன் அடுப்பு’ என்ற பொருளில் ‘தென்ஷி ரெஞ்ஜி’, ஆனால் வீட்டில் மணி அடிக்கிற சத்தத்தை வைத்து ‘சின் பண்ணு’.

நாங்கள் நாலு நாளாகப் பெயர்ச்சொல்லையே பிடித்துத் தொங்குகிறோம். வீட்டில் யாராவது ‘நுண்ணலை அடுப்பில் வைத்துச் சூடாக்கிக் கொண்டு வா’ என்று சொல்லி முடிப்பார்களா? அதற்குள் சொதி தானாகவே ஆறிவிடும். ‘மைக்ரோவேவ் பண்ணு’ என்றுதான் சொல்வோம்.

என் யோசனை: அலைத்தல்.

சிரிக்காதீர்கள். அலைதல் தன்வினை, அலைத்தல் பிறவினை: அலையச் செய்தல், அசைத்தல், மோதி ஆட்டுதல். பழைய சொல், அகராதியில் இருக்கிறது. பெட்டிக்குள் நடப்பதும் அதுவே. நீர் மூலக்கூறு ஒரு பக்கம் நேர் மின்னேற்றம், மறுபக்கம் எதிர் மின்னேற்றம் என்று இருக்கிறது, உள்ளே மின்புலம் செக்கனுக்கு 245 கோடி தடவை அங்கும் இங்கும் மாறுகிறது, மூலக்கூறு அதன் பின்னால் திரும்பித் திரும்பி, பக்கத்தில் இருப்பவற்றை இடித்து, அந்த மோதல்தான் சூடு. தண்ணீரை அலைக்கழிக்கிறது என்று சொன்னால் பௌதிகவியல் ஆசிரியர்கூடக் குறை சொல்ல முடியாது. அலை என்ற பெயரும் அலை என்ற வினையும் ஒரே சொல்லில் கிடைக்கிறது. ‘சோத்தை ஒரு நிமிசம் அலைச்சு எடு’, வாயில் நன்றாகவே வருகிறது.

இப்போது என் அவசரம். கொள்ளுப்பிட்டியில் நான் வேலை செய்யும் அலுவலகத்தின் சாப்பாட்டறையில், அந்தப் பெட்டிக்கு மேல் மூன்று மொழியிலும் அறிவித்தல் ஒட்டியிருக்கிறார்கள். சிங்களமும் ஆங்கிலமும் சரி. தமிழில் ‘உலகப் பாத்திரங்களை வைக்க வேண்டாம்’ என்று இருக்கிறது. உலோகம் என்பதில் ஒரு கொம்பும் காலும் போய் உலகமே உள்ளே போகக் கூடாததாகிவிட்டது. திருத்தித் தருகிறேன் என்று வாயை விட்டுவிட்டேன், வெள்ளிக்கிழமைக்குள் கொடுக்க வேண்டும். இதுவரை எழுதியது:

‘உலோகப் பாத்திரம், ஈயத்தாள் வைத்து அலைக்க வேண்டாம். முட்டையை ஓட்டோடு அலைக்க வேண்டாம்.’

எழுதியதும் அம்மாவிடம் வாசித்துக் காட்டினேன். ‘முட்டையை ஏன்டா அலைக்கழிக்கிறாய், பாவம்’ என்றார். அப்புறம் இரவு, ‘அந்த இடியப்பத்தை அவனுக்குள்ள வை’ என்றும் சொன்னார். சொல்லை ஒருவரும் திணிக்க முடியாது, தெரியும். ஆனாலும் வெள்ளிக்கிழமைக்கு முன் யாராவது மறுப்புச் சொல்லுங்கள்.

இன்னொன்று, உறைந்த உணவை இளக்குகிற டிஃப்ரோஸ்ட் பொத்தானுக்கு என்ன போடுவது? பனிக்கட்டியில் மூலக்கூறுகள் பிணைந்து கிடப்பதால் அலைப்பு அவ்வளவாக ஏறாது, முதலில் உருகிய ஓரம் மட்டும் சூட்டை வாங்கி வெந்துபோகும், அதனால்தான் பெட்டி விட்டுவிட்டு ஓடுகிறது. ‘விட்டலைத்தல்’ என்று எழுதி நானே அடித்துவிட்டேன்.