முழு ஹெல்மெட் காஸ்ட்யூமுக்குள் கண்ணாடி: என்ன வழி?

கேள்வி: பெங்களூரு காமிக் கானுக்கு (காமிக்ஸ் ரசிகர்கள் வேஷம் போட்டு வர்ற விழா) முழு ஹெல்மெட் வேஷம். பவர் மைனஸ் 5. கண்ணாடி உடனே பனி மூடிடுது. லென்ஸைக் கழற்றி வைசரிலேயே (ஹெல்மெட்டோட முன்பக்கம், பார்க்கிற மறைப்பு) ஒட்டிடலாமா அண்ணா?

பதில் 1: ஒட்டாதீங்க தம்பி. மைனஸ் லென்ஸ் கண்ணை விட்டுத் தள்ளிப் போனா பவர் குறையும். மைனஸ் 5-க்கு அது நல்லாவே தெரியும். டெய்லி டிஸ்போசபிள் (ஒரு நாள் போட்டுத் தூக்கிப் போடுற) கான்டாக்ட் லென்ஸ்தான் சரி. கண் டாக்டர்கிட்ட அளவு பார்த்து, முன்கூட்டியே போட்டுப் பழகுங்க.

பதில் 2: கான்டாக்ட் லென்ஸ் ஒத்துக்கலேன்னா, 40 மி.மீ., 5 வோல்ட் ஃபேனை நெற்றிக்கு மேலே, சூடான காற்றை வெளியே தள்ளுற மாதிரி பொருத்துங்க. தாடைப் பக்கம் காற்று நுழைய ஓட்டை கட்டாயம். இல்லேன்னா ஃபேன் சும்மா சுத்தும். கண்ணாடிக் காம்பு போற இடத்துல ஹெல்மெட்டுக்குள்ள இருக்கிற ஃபோமைக் குடைஞ்சிடுங்க.

பதில் 3: வைசருக்குக் கீழே தரை தெரியாது. படிக்கட்டுல கைபிடிக்க ஆள் வேணும்.