வீட்டுப் படத்தில் 'லெட் அக்ரீட்' என்று வந்துவிட்டது, என் வீடு போச்சா?

புதுவரவு: அவசரம், தெரிந்தவர்கள் சொல்லுங்கள். இங்கிலாந்துக்கு இப்போதுதான் வந்தோம், ஏர்பிஎன்பி ஞாயிற்றுக்கிழமையோடு முடிகிறது. பிடித்த வீட்டுக்கு ஏஜென்ட் கேட்ட பணத்தையும் அனுப்பியாயிற்று. காலையில் ரைட்மூவ் என்ற வீட்டு விளம்பரத் தளத்தில் பார்த்தால் அதே வீட்டின் மேல் 'லெட் அக்ரீட்' என்று இருக்கிறது. லெட் என்றால் அனுமதிப்பது என்றுதானே படித்தோம்? எங்களை அனுமதித்துவிட்டார்களா, வேறு யாருக்காவது கொடுத்துவிட்டார்களா? கைக்குழந்தை வேறு.

குளிர்க்குருவி: முதலில் குழந்தையை ஜிபியில், அதாவது குடும்ப டாக்டரிடம், பதிந்தீர்களா? நாங்கள் வந்தது டிசம்பரில். ஒரே அறை, சுவரெல்லாம் பூஞ்சை, ஹீட்டர் மீட்டரில் காசு தீர்ந்து நடுராத்திரியில் டாப்அப் போட கடை தேடி அலைந்தோம். உங்களுக்காவது ஏர்பிஎன்பி.

ஹாரோ அண்ணன்: தம்பி, லெட் எண்டால் இங்க வாடகைக்குக் குடுக்கிறது. லெட் அக்ரீட் எண்டால் வீடு போயிட்டுது. வேற பாருங்கோ.

மழைக்கோட்டு: அண்ணா, பயமுறுத்தாதீங்க. யாரோ ஒருவரின் ஆஃபரை வீட்டுக்காரர் ஏற்றார் என்றுதான் அதற்கு அர்த்தம், அந்த ஒருவர் இவராகவே இருக்கலாம். இன்னும் யாரும் கையெழுத்துப் போட்டிருக்க வேண்டும் என்பதில்லை. அப்புறம் தம்பி, லெட் செய்பவர் வீட்டுக்காரர், ரென்ட் செய்பவர் நாம். ஏஜென்டுக்கு போன் போட்டு 'ஐ வான்ட் டு லெட் எ ஹவுஸ்' என்று சொன்னால் உங்களிடம் சொந்த வீடு இருக்கிறது என்று நினைத்து, எப்போது வந்து பார்க்கலாம் என்பார். இறந்தகாலமும் லெட்தான், 'லெட்டட்' கிடையாது. 'லெட் ஒன்லி' என்றால் ஏஜென்ட் ஆள் பிடித்துக் கொடுப்பதோடு சரி, குழாய் ஒழுகினால் வீட்டுக்காரரைத்தான் பிடிக்க வேண்டும். யாராவது சப்லெட், அதாவது தான் வாடகைக்கு இருக்கும் வீட்டையே உள்வாடகைக்குத் தருகிறேன் என்றால் வீட்டுக்காரர் சம்மதத்தை எழுத்தில் கேளுங்கள்.

மாம்பலம்: அதெல்லாம் கிடக்கட்டும், வாடகைக்கு ஜாமீன் கேட்கும் இந்த ஊர்க் கதை இருக்கிறதே! விமானத்தை விட்டு இறங்கியவனுக்கு இங்கே சம்பளம் வாங்கும் ஜாமீன்தாரர் எங்கிருந்து வருவார்?

குளிர்க்குருவி: சென்னையில் பத்து மாத அட்வான்ஸ் வாங்கினவர்களும் இங்கே வந்து புலம்புகிறார்கள் பாருங்கள்.

சாவிக்கொத்து: போதும் சண்டை. புதுவரவு, எந்த ஊர், வாடகை எவ்வளவு, எவ்வளவு கட்டினீர்கள்? ஸ்காட்லாந்து என்றால் சட்டமே வேறு.

புதுவரவு: லெஸ்டர். மாதம் 1,300 பவுண்டு. 300 கட்டினேன்.

சாவிக்கொத்து: அப்படியானால் அது ஹோல்டிங் டெபாசிட், வீட்டை உங்களுக்காகப் பிடித்து வைக்கக் கட்டும் முன்பணம். 1,300-ஐ 12-ஆல் பெருக்கி 52-ஆல் வகுங்கள், சரியாக 300, ஒரு வார வாடகை. 2019 வாடகைதாரர் கட்டணச் சட்டப்படி அதற்கு மேல் வாங்கக் கூடாது. உங்கள் பணத்தை வைத்துக்கொண்டு அதே வீட்டுக்கு இன்னொருவரிடமும் வாங்கக் கூடாது, அதனால் அந்தப் பட்டை பெரும்பாலும் உங்களுக்காகத்தான். இருந்தாலும் இன்றே ஏஜென்டிடம் 'இஸ் இட் லெட் அக்ரீட் டு அஸ்?' என்று மின்னஞ்சலில் கேட்டுப் பதிலை வாங்கி வையுங்கள். வேறு தேதி எழுதிக்கொள்ளவில்லை என்றால் 15 நாளில் ஒப்பந்தம் முடிய வேண்டும், வீட்டுக்காரர் பின்வாங்கினால் ஏழு நாளில் பணம் திரும்ப வர வேண்டும். ஆனால் நீங்களே வேண்டாம் என்றாலோ சம்பளத்தைத் தப்பாகச் சொல்லியிருந்தாலோ அந்தப் பணம் போகலாம். குடிபோகும்போது கட்டும் பெரிய டெபாசிட் வேறு, அதை ஐந்து வார வாடகைக்கு மேல் கேட்கக் கூடாது, உங்கள் கணக்கில் 1,500. இங்கே வாடகைக்கு இருக்க உங்களுக்கு உரிமை உண்டா என்று பார்க்கும் ரைட் டு ரென்ட் சோதனைக்கு, உங்கள் விசா நிலையைக் காட்டும் ஷேர் கோட் என்ற எண்ணை அரசுத் தளத்தில் எடுத்து அனுப்புங்கள். உங்கள் வேலை, சம்பளம் எல்லாம் விசாரிக்கும் ரெஃபரன்ஸ் பார்த்து முடிக்க நாள் பிடிக்கும், அதனால் ஏர்பிஎன்பியை இன்னொரு வாரம் நீட்டிவிடுங்கள்.