1974 நோபல்: ஜோசலின் பெல்லுக்குத் தராதது அநியாயமா?

மொட்டைமாடிவாசி:
பல்சர் (சீரான இடைவெளியில் ரேடியோ துடிப்பு அனுப்பும், சுழலும் நட்சத்திரம்) கண்டுபிடிப்பில் முக்கியப் பங்கு என்று சொல்லி 1974இல் இயற்பியல் நோபலை ஆன்டனி ஹியூவிஷுக்குக் கொடுத்தார்கள். கூடவே வாங்கியவர் மார்ட்டின் ரைல். அந்தச் சமிக்ஞையை முதலில் கவனித்த, ஹியூவிஷின் ஆராய்ச்சி மாணவி ஜோசலின் பெல்லுக்கு ஒன்றுமில்லை. ஒரு பரிசை மூன்று பேர் வரை பகிரலாம். ஆக, ஓர் இடம் காலியாகவே கிடந்திருக்கிறது. இது அநியாயம் இல்லையா?

கணக்கர்:
கொஞ்சம் பொறுங்கள் நண்பரே. கேம்பிரிட்ஜ் அருகே நாலரை ஏக்கரில் 2048 ஆன்டெனாக்களை நிறுத்தத் திட்டமிட்டவர் ஹியூவிஷ். குவாசர்களின் (வெகுதூர விண்மீன் மண்டலங்களின் பிரகாசமான மையங்களின்) ரேடியோ மினுக்கத்தைப் பிடிக்க, நொடிக்குள் மாறுவதையும் பதியும் கருவி வேண்டும் என்று யோசித்தவரும் அவரே. சமிக்ஞையை நெடுநேரம் சராசரி எடுக்கும் கருவியாக இருந்தால் பல்சரின் துடிப்பு அதில் கரைந்தே போயிருக்கும். வலை பின்னியவரை விட்டுவிட்டு மீனைப் பார்த்தவரை மட்டும் கொண்டாடுகிறீர்கள்.

மொட்டைமாடிவாசி:
வலை பின்னியதிலும் பெல் உண்டு. சம்மட்டி பிடித்துக் கம்பம் நட்டவர்களில் அவரும் ஒருவர். அப்புறம் தினமும் சுமார் 30 மீட்டர் வரைபடத்தாளைக் கண்ணால் அலசியது யார்? 1967 ஆகஸ்டில் ஓர் அங்குலம்கூட இல்லாத ஒரு கிறுக்கல். குறுக்கீடு என்று தள்ளிவிட்டிருக்கலாம். அது நட்சத்திரங்களைப் போல நாளுக்கு 4 நிமிடம் முந்தி வருவதைக் கவனித்தார். நவம்பர் 28இல் தாளை வேகமாக ஓடவிட்டதும் 1.33 நொடிக்கு ஒரு துடிப்பு தெரிந்தது. போனில் சொன்னபோது ஹியூவிஷ், இது மனிதர்கள் உண்டாக்கியதாகத்தான் இருக்கும் என்றாராம்!

கணக்கர்:
சந்தேகப்படுவதுதானே வழிகாட்டியின் வேலை? ‘குட்டிப் பச்சை மனிதர்கள்’ என்று விளையாட்டாகப் பெயர் வைத்தார்கள். ஆனால் வேற்றுக் கோளிலிருந்து வந்தால், கோள் சுற்றச் சுற்றத் துடிப்பின் இடைவெளி மாற வேண்டும். அளந்து பார்த்தார் ஹியூவிஷ். பூமி சுற்றுவதால் வரும் மாற்றம் மட்டுமே இருந்தது. தவிர, மிக அரிதான சந்தர்ப்பம் தவிர மாணவர்களுக்கு நோபல் கூடாது என்று 1977இல் பெல்லே சொல்லியிருக்கிறார்.

இரவுக்காவல்:
நடுவில் நுழைகிறேன். பச்சை மனிதர்களை ஒழித்துக்கட்டியதில் பெல்லுக்கும் பங்கு உண்டு: டிசம்பர் 21 இரவு வானத்தின் வேறு பகுதியில் இரண்டாவது பல்சரைப் பிடித்தார். இரண்டு மூலைகளிலிருந்து ஒரே மாதிரி யார் கூப்பிடப் போகிறார்கள்? மாணவர் கணக்குக்கு வருவோம். 1974இல் ஜோசப் டெய்லரின் மாணவர் ரஸ்ஸல் ஹல்ஸ் அரெசிபோ ரேடியோ தொலைநோக்கியில் இரட்டைப் பல்சரை, அதாவது இன்னொரு நட்சத்திரத்தோடு ஜோடியாகச் சுற்றும் பல்சரை, கண்டுபிடித்தார். 1993இல் நோபல் இருவருக்கும் கிடைத்ததே?

கணக்கர்:
அது 19 வருடம் கழித்து. அந்த இரு நட்சத்திரங்களின் சுற்றுப்பாதை, ஈர்ப்பலைகளாக ஆற்றல் வெளியேறும் என்ற ஐன்ஸ்டைனின் கணக்குப்படியே சுருங்குகிறது என்று தெரிந்த பிறகு.

இரவுக்காவல்:
பல்சரின் மதிப்பு 1974க்கு முன்பே தெரிந்துவிட்டது சார். நண்டு நெபுலாவில் (வெடித்த ஒரு நட்சத்திரத்தின் மிச்சம்) நொடிக்கு 30 முறை துடிக்கும் பல்சர் 1968இலேயே கிடைத்தது. வெள்ளைக் குள்ளன் (எரிந்து முடிந்து சுருங்கிய நட்சத்திரம்) அந்த வேகத்தில் சுழன்றால் சிதறிவிடும். வானியலாளர்கள் பாடேயும் ஸ்விக்கியும் 1934இல் காகிதத்தில் சொன்ன, அதைவிட அடர்த்தியாக ஒடுங்கிய நியூட்ரான் நட்சத்திரம் நிஜம், பல்சர் அதுதான் என்று அதிலேயே ஊர்ஜிதமானது. பெல்லும் 1974இல் மாணவி இல்லை, முனைவர்.

மொட்டைமாடிவாசி:
நிருபர்கள் ஹியூவிஷிடம் வானியல் கேட்டார்கள், பெல்லிடம் எத்தனை காதலர்கள் என்று கேட்டார்கள். அந்தக் காலத்துக் குழு எப்படி யோசித்திருக்கும்?

கணக்கர்:
குழுவின் மனதுக்குள் நான் போகவில்லை. காலி இடத்துக்கு என்னிடம் பதில் இல்லை, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ஹியூவிஷ் திருடினார் என்று யாராவது எழுதினால் மறுபடி வருவேன். 1968 பிப்ரவரியில் நேச்சர் அறிவியல் இதழில் இந்தக் கண்டுபிடிப்பைப் பற்றி வந்த கட்டுரையில் ஐந்து பெயர்கள். இரண்டாவது பெயர் பெல்.