சாரல் காலக் குற்றாலப் பயணம்: அனுபவமுள்ளவர்களின் ஆலோசனை தேவை

அனைவருக்கும் வணக்கம். ஆடி இரண்டாம் வாரத்தில், 70 வயதைக் கடந்த என் அம்மாவையும் 10 வயது மகனையும் மதுரையிலிருந்து குற்றாலத்திற்கு அழைத்துச் செல்ல எண்ணியுள்ளேன்.

குற்றாலத்தின் முதன்மை அருவியான பேரருவியின் நீர், இடையிலுள்ள ஆழமான பாறைப் பள்ளமான பொங்குமாகடலில் விழுந்து வேகம் தணிந்த பிறகே கீழே இறங்குகிறது என்பதையும், பாதுகாப்பு வளைவைத் தாண்டிக் கொட்டும் நாட்களில் குளிக்கத் தடை விதிப்பார்கள் என்பதையும் அறிவேன். என் கவலையெல்லாம் தடை இல்லாத நேரத்தைப் பற்றியதுதான். கீழே வெயில் அடித்தாலும், மலைமேல் பெய்யும் மழை சில நிமிடங்களில் அருவியை மாற்றிவிடுகிறது. 2024 மே 17 அன்று பழைய குற்றால அருவியில் திடீர் வெள்ளம் 17 வயதுச் சிறுவனின் உயிரைப் பறித்ததை மறக்க இயலவில்லை.

சென்ற முறை நான் குளித்துக்கொண்டிருந்தபோது, தெளிவாக இருந்த நீரில் முதலில் சருகுகள் வந்தன. பிறகு செம்மண் நிறம் கலந்தது. அருகில் எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்த உள்ளூர்ப் பெரியவர், "தண்ணி கலங்குது தம்பி, வெளிய வாங்க" என்று கையைப் பிடித்து இழுத்தார். இவ்விரண்டைத் தவிர வேறு என்னென்ன அறிகுறிகளைக் கவனிக்க வேண்டும்?

மூட்டுவலி உள்ள அம்மாவுக்குப் பேரருவி ஏற்றதா, ஐந்தருவி ஏற்றதா? பெண்கள் பகுதியில் அம்மாவுடன் நான் நிற்க முடியாது என்பதால், வழுக்கும் பாறையில் அவர் தனியாகச் சமாளிக்க இயலுமா என்பதை, அண்மையில் முதியவர்களுடன் சென்று வந்தவர்கள் தயவுசெய்து தெரிவிக்கவும்.