டிஸ்க் நிரம்பி டேட்டாபேஸ் நின்றுவிட்டது, அவசரம்

நிலவன்7 | இரவு 9:12
டேட்டாபேஸ் நின்றுவிட்டது. டிஸ்க் 100% என்று காட்டுகிறது. ரீஸ்டார்ட் செய்தாலும் ஏற மாட்டேன் என்கிறது. காலை 8 மணிக்கு பில்லிங் தொடங்கிவிடும். எதை அழிக்கலாம்? யாராவது சீக்கிரம் சொல்லுங்கள்.

கடலைமிட்டாய் | 9:15
எந்த டேட்டாபேஸ்? மைஎஸ்கியூஎல்லா, போஸ்ட்கிரெஸ்ஸா? வெர்ஷன்? எந்த ஃபோல்டர் இடத்தைத் தின்கிறது?

நிலவன்7 | 9:21
மன்னிக்கவும். போஸ்ட்கிரெஸ் 14, உபுண்டு. டிஸ்க் 200 ஜிபி. டேட்டா 35 ஜிபிதான் இருக்கும். பிஜி_வால் ஃபோல்டர் மட்டும் 150 ஜிபிக்கு மேல்.

இரவுப்பணி | 9:24
ஆட்டோவேக்யூம் (டேபிள்களில் தேவையற்ற பழைய வரிகளைத் தானாக நீக்கும் வேலை) ஓடியிருக்காது. எங்கள் இடத்திலும் இப்படித்தான் வீங்கியது. வேக்யூம் ஃபுல் போடுங்கள், இறங்கிவிடும்.

எஸ்கியூஎல்_சாமி | 9:28
சர்வரே ஏறாதபோது வேக்யூம் எப்படி ஓடும்? ஏறினாலும் வேக்யூம் ஃபுல் டேபிளைப் புதிதாக இன்னொரு நகல் எழுதும், அதற்கும் இடம் வேண்டும். இந்த அடிப்படைகூடத் தெரியாமல் பதில் சொல்ல வராதீர்கள். கேட்டவரும் கையேட்டைத் திறந்தே பார்த்ததில்லை போலிருக்கிறது.

கடலைமிட்டாய் | 9:30
வால் என்பது லாக்தானே? பழைய ஃபைல்களை மட்டும் அழித்தால்?

தரவுத்தோழி | 9:33
வேண்டாம். ஒரு ஃபைலையும் தொடாதீர்கள். அது நாம் படித்துப் பார்க்கும் லாக் அல்ல. மாற்றம் எல்லாம் முதலில் அங்கேதான் எழுதப்படும், கிராஷுக்குப் பிறகு சர்வர் அதைப் படித்துத்தான் எழும். முன்பு அதற்கு பிஜி_எக்ஸ்லாக் என்று பெயர். லாக் என்று நினைத்து அழித்துவிடுகிறார்கள் என்பதால்தான் 2017இல் வெர்ஷன் 10 வந்தபோது பெயரையே மாற்றினார்கள்.

ஒவ்வொரு ஃபைலும் 16 எம்பி. வேலை முடிந்தால் தானே நீங்கிவிடும். இவ்வளவு சேர்ந்திருந்தால் ஏதோ ஒன்று பிடித்து வைத்திருக்கிறது: இந்த ஃபைல்களை வேறிடத்துக்கு நகலெடுக்கும் ஆர்க்கைவ் கமாண்ட் தோற்றுக்கொண்டிருக்கலாம், இல்லையென்றால் ரெப்ளிகேஷன் ஸ்லாட், அதாவது நகல் சர்வர் எதுவரை வாங்கியது என்று வைத்திருக்கும் குறிப்பு. ரெப்ளிகா (நகல் சர்வர்) இருக்கிறதா தம்பி?

நிலவன்7 | 9:40
இருந்தது அக்கா. செலவு அதிகம் என்று போன மாதம் அந்த சர்வரை எடுத்துவிட்டோம். இதற்கு சம்பந்தம் இருக்காது என்று சொல்லவில்லை. அதற்காகப் போட்ட வரி, யார் எங்கிருந்து நுழையலாம் என்று சொல்லும் பிஜி_எச்பிஏ ஃபைலில் இன்னும் இருக்கிறது: ஹோஸ்ட், ரெப்ளிகேஷன், ஆல், 0.0.0.0/0, டிரஸ்ட். அதை எடுத்தால் சரியாகுமா?

தரவுத்தோழி | 9:46
அந்த வரியால் இடம் நிரம்பாது. ஸ்லாட்தான் காரணம். ரெப்ளிகா போனாலும் ஸ்லாட் போகாது, என்றாவது வந்து கேட்கும் என்று எல்லாவற்றையும் சேர்த்து வைத்திருக்கும்.

முதலில் டிஸ்க் ஸ்னாப்ஷாட் (இப்போதைய நிலையின் நகல்) எடுங்கள். கிளவுட் என்றால் 20 ஜிபி கூட்டுங்கள். முடியாவிட்டால், இஎக்ஸ்டி4 ஃபைல் சிஸ்டம் ரூட்டுக்காக (நிர்வாகி யூசர்) 5% ஒதுக்கி வைத்திருக்கும். ட்யூன்2எஃப்எஸ் கமாண்ட் கொண்டு அதை 1% ஆக்கினால் 8 ஜிபி கிடைக்கும். சர்வர் ஏறியதும் பிஜி_ரெப்ளிகேஷன்_ஸ்லாட்ஸ் பட்டியலில் ஆக்டிவ் இல்லாத ஸ்லாட்டின் பெயரைப் பார்த்து, பிஜி_டிராப்_ரெப்ளிகேஷன்_ஸ்லாட் மூலம் நீக்குங்கள். அப்புறம் ஒரு செக்பாயின்ட், அதாவது மாற்றங்களை டேட்டா ஃபைல்களில் எழுதி முடிக்கச் சொல்லும் கமாண்ட்.

இனி இப்படி ஆகாமல் இருக்க மேக்ஸ்_ஸ்லாட்_வால்_கீப்_சைஸ் செட்டிங்கில், ஸ்லாட் சேர்த்து வைப்பதற்கு ஒரு வரம்பு வையுங்கள். வெர்ஷன் 13 முதல் இருக்கிறது. நாமாக மாற்றாவிட்டால் வரம்பே கிடையாது.

எஸ்கியூஎல்_சாமி | 9:52
டிஸ்க்கை விடுங்கள், அந்த வரியை யாரும் கவனிக்கவில்லையா? 0.0.0.0/0 என்றால் எந்த முகவரியிலிருந்தும் வரலாம், டிரஸ்ட் என்றால் பாஸ்வேர்டே கேட்காது. போர்ட்டைத் தொட முடிந்த எவரும் போஸ்ட்கிரெஸ் யூசராக வந்து பேஸ்பேக்கப் எடுத்து, மொத்த டேட்டாவையும் கொண்டுபோகலாம்.

இரவுப்பணி | 9:57
ஃபயர்வால் இருக்குமே. உள்ளே இருப்பவர்களுக்கு எதற்கு பாஸ்வேர்ட்?

எஸ்கியூஎல்_சாமி | 10:01
ஃபயர்வாலை நம்பி டிரஸ்ட் வைப்பவர் டிபிஏ (டேட்டாபேஸ் நிர்வாகி) அல்ல.

தரவுத்தோழி | 10:08
இரவுப்பணி, நான் முன்பு வேலை பார்த்த இடத்தில் ஒருவர் சோதனைக்காக ஒரு மணி நேரம் போர்ட்டைத் திறந்தார், மூட மறந்துவிட்டார். அன்று எங்களைக் காப்பாற்றியது பாஸ்வேர்ட் மட்டும்தான். இரண்டும் வேண்டும்.

நிலவன், ரெப்ளிகா இல்லாததால் அந்த வரியே தேவையில்லை. நீக்கிவிட்டு ரீலோட் செய்தால் போதும், ரீஸ்டார்ட் வேண்டாம். மற்ற வரிகளில் டிரஸ்ட் இருந்தால், பாஸ்வேர்டைச் சரிபார்க்கும் ஸ்க்ராம்-ஷா-256 முறை ஆக்குங்கள். ஆனால் பழைய யூசர்களின் பாஸ்வேர்ட் பழைய எம்டி5 முறையில் சேமிக்கப்பட்டிருந்தால் அவர்களால் உள்ளே வர முடியாது. முதலில் அவர்களுக்குப் பாஸ்வேர்டை மறுபடி அமைத்துவிட்டு அந்த வரிகளை மாற்றுங்கள்.

இரவுப்பணி | 10:15
சரி, போர்ட் திறந்து கிடப்பதை நான் யோசிக்கவில்லை. எங்கள் சர்வரையும் பார்க்கிறேன்.

நிலவன்7 | 11:38
ஸ்லாட்தான் அக்கா. நீக்கி செக்பாயின்ட் போட்டதும் பிஜி_வால் 2 ஜிபிக்கு இறங்கிவிட்டது. பில்லிங் ஏறுகிறது. மிக்க நன்றி. மற்றதை நாளை பார்க்கிறேன்.

தரவுத்தோழி | 11:41
டிரஸ்ட் வரியை மட்டும் இன்றிரவே நீக்கிவிடுங்கள் தம்பி, இரண்டு நிமிட வேலை. நீக்கியாயிற்றா?

தரவுத்தோழி | மறுநாள் காலை 7:20
நிலவன்?