மறு: மறு: மல்லாந்த நீச்சல் – நீருக்குள் போகும் அந்தப் பதினைந்து மீட்டருக்கு என்ன சொல்?

அன்புள்ள குழுவினருக்கு,

வணக்கம். சிங்கப்பூரில் 2025இல் நடந்த உலக நீச்சல் போட்டிகளைப் பற்றித் தமிழில் எழுதப் புகுந்த நண்பர், 'பேக்ஸ்ட்ரோக்' போட்டியில் நீருக்குள்ளேயே போகும் பகுதிக்குக் கேட்ட ஒரே ஒரு சொல்லுக்கு நான்கு நாட்களில் இருபது மடல்கள் வந்துவிட்டன. சும்மா படித்துக்கொண்டிருந்தேன். நேற்று 'மீன் உதை' என்ற பரிந்துரையும் வந்து சேர்ந்த பிறகு வாயை மூடிக்கொண்டிருக்க முடியவில்லை.

முதலில் பேக்ஸ்ட்ரோக் என்ற போட்டியின் பெயர்.

> 'பின்னோக்கு நீச்சல்' ஏற்கெனவே புழக்கத்தில் இருக்கிறதே. எதற்கு மாற்றவேண்டும்?

புழக்கத்தில் இருக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் நீந்துகிறவர் பின்னோக்கிப் போகவில்லை. தலை முன்னே, கால் பின்னே என்றுதான் போகிறார்; குப்புற நீந்துகிறவரும் அப்படியே. ஒருவருக்கு முகம் கூரையைப் பார்க்கிறது, மற்றவருக்குத் தரையைப் பார்க்கிறது, வேறுபாடு அவ்வளவுதான். பின்னோக்கு என்றதும் எனக்கு லாரியை ரிவர்ஸ் எடுக்கும் கிளீனரின் விசில்தான் காதில் கேட்கிறது. 'முதுகு நீச்சல்' அதைவிடத் தேவலை. 'மார்பு நீச்சலு'க்கு நல்ல ஜோடியும்கூட. என்றாலும் போட்டி விதியைப் பாருங்கள். அது கையைப் பற்றியோ காலைப் பற்றியோ பேசவில்லை, கிடக்கும் நிலையைப் பற்றித்தான் பேசுகிறது. சுவரில் திரும்பும் நேரம் தவிர மல்லாந்தே இருக்கவேண்டும். உடலைப் பக்கவாட்டில் உருட்டலாம், ஆனால் 90 பாகையை எட்டக் கூடாது. கைகளை மாற்றி மாற்றித்தான் போடவேண்டும் என்றுகூட விதி கிடையாது. நிலைதான் இலக்கணம் என்றால், அந்த நிலைக்கு நம்மிடம் இருக்கும் சொல் மல்லாத்தல். 'மல்லாக்கப் படு' என்றால் மூன்று வயதுக் குழந்தை புரண்டு படுக்கும். ஆகவே மல்லாந்த நீச்சல். இதோடு இதை விட்டுவிடுவோம், ஏனென்றால் சிக்கல் இங்கே இல்லை.

சிக்கல், தொடக்கத்திலும் திருப்பத்திலும் நீருக்குள்ளேயே போகும் அந்தத் தொலைவில் இருக்கிறது. நீச்சல்காரர்கள் அதை 'அண்டர்வாட்டர்' என்று ஒரே சொல்லில் முடித்துவிடுகிறார்கள். நண்பர் 'நீரடிப் பயணம்' என்று எழுதியிருந்தார். நீர்மூழ்கிக் கப்பலுக்கு ஆகும்.

இதற்கு இவ்வளவு மெனக்கெட வேண்டுமா என்று ஒருவர் கேட்டிருந்தார். கணக்கைப் பாருங்கள். தொடக்கத்துக்குப் பிறகும் ஒவ்வொரு திருப்பத்துக்குப் பிறகும் 15 மீட்டர் வரை உடல் முழுவதும் நீருக்குள் இருக்கலாம். அதற்குள் தலை மேலே வந்துவிடவேண்டும். 50 மீட்டர் நீளக் குளத்தில் 100 மீட்டர் போட்டி என்றால் 30 மீட்டர், 200 மீட்டர் என்றால் 60 மீட்டர். அதே 100 மீட்டரை 25 மீட்டர் குளத்தில் வைத்தால் பாதிக்கு மேல், 60 மீட்டர், பார்வையாளர் கண்ணிலேயே படாது. சிங்கப்பூரில் பெண்கள் 100 மீட்டர் இறுதியில் ஆஸ்திரேலியாவின் கேய்லி மெக்கியோன் 57.16 நொடி, அமெரிக்காவின் ரீகன் ஸ்மித் 57.35 நொடி. இடைவெளி 0.19 நொடி. முந்தைய ஆண்டு ஸ்மித் படைத்த உலகச் சாதனையோ 57.13. இப்படி நூலிழையில் முடிகிற போட்டியில், ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குத் தொலைவுக்குப் பெயரே இல்லாமல் எப்படிச் செய்தி எழுதுவது?

இனி என் முன்மொழிவு. புதிதாக எதையும் ஆக்கவேண்டாம். கிணற்றடியிலேயே சொல் கிடக்கிறது: உள்நீச்சல்.

கிணற்றில் நீச்சல் பழகியவர்களுக்கு விளக்கவேண்டியதில்லை. மேலேயிருந்து காசைப் போட்டு அதை அடியிலிருந்து எடுத்துவருவது முக்குளிப்பு. அது செங்குத்து வேலை. இந்தப் படியில் மூச்சடக்கி முங்கி, தலையே தெரியாமல் போய், எதிர்ப்படியில் எழுவது உள்நீச்சல். அது கிடைவாட்டு வேலை. போட்டிக் குளத்தில் நடப்பது இரண்டாவதுதானே. கிணற்றில் நாங்கள் குப்புறப் போனோம், இவர்கள் மல்லாந்து போகிறார்கள். மல்லாந்து போவதில் உள்ள தொல்லை போனவருக்குத்தான் தெரியும்: மூக்குத் துளை மேல்நோக்கி இருப்பதால் தண்ணீர் நேரே மண்டைக்கு ஏறும். அதனால் மூக்கின் வழியே விடாமல் காற்றை வெளியே விட்டுக்கொண்டே போகவேண்டும். சிலர் மேலுதட்டை மடித்து மூக்குத் துளைகளை அடைத்துக்கொள்வதும் உண்டு. தொலைக்காட்சியில் நீரடிக் காமிராக் காட்சி வரும்போது பாருங்கள், கைகள் இரண்டும் தலைக்கு மேலே ஒன்றன்மேல் ஒன்றாகப் பூட்டியிருக்கும், காதுகள் புயங்களுக்கு நடுவே ஒளிந்திருக்கும், முகம் மட்டும் கோணலாக இருக்கும்.

> 'உள்நீச்சல்' என்றால் உள்ளரங்க நீச்சல் என்று குழப்பம் வராதா?

வராது. உள்ளரங்குக்கு அரங்கு இருக்கிறது. 'உள்நீச்சல் தவறு, உண்ணீச்சல் என்று புணர்த்தவேண்டும்' என்று மடல் எழுதத் தயாராகிக்கொண்டிருக்கும் நண்பர், முதலில் உள்நாட்டு அமைச்சரை உண்ணாட்டு அமைச்சராக்கிவிட்டு வரட்டும்.

அடுத்தது அந்த உதை. உள்நீச்சல் என்பது பகுதியின் பெயர். அந்தப் பகுதியில் உடல் செய்யும் வேலைக்குத் தனிப்பெயர் வேண்டும். இரண்டையும் ஒரே சொல்லில் அடைக்கப் பார்த்ததால்தான் இருபது மடல்கள். இரண்டு கால்களும் ஒட்டியபடி, அசைவு மார்பிலிருந்து கிளம்பி, இடுப்பு வழியாக இறங்கி, பாதத்தில் சாட்டையாகச் சொடுக்குகிறது. 'நெளியுதை' என்ற பரிந்துரை வினைத்தொகையாக அழகாகவே இருந்தது, நானே ஒரு நாள் முழுக்க அதன் பக்கம் சாய்ந்திருந்தேன். ஆனால் பாம்பு நெளிவது பக்கவாட்டில். மீனும் அப்படியே: வால் இடமும் வலமுமாக அடிக்கும். இந்த உதை மேலும் கீழுமாகப் போகிறது. கடலில் மேலும் கீழுமாக வாலை அடிப்பது பாலூட்டிகள்தான், திமிங்கிலமும் டால்பினும். 'மீன் உதை' இந்த இடத்தில்தான் வழுக்கி விழுகிறது. டால்பினுக்கு மன்னார் வளைகுடாக் கரையில் மீனவர்கள் சொல்லும் பெயர் ஓங்கில். ஆகவே ஓங்கில் உதை. ஓங்கி உதைப்பதும் காதில் விழுகிறது, அது இலவச இணைப்பு.

இரண்டையும் பிரித்து வைத்தால் வரலாற்றையும் குழப்பமில்லாமல் எழுதலாம். 1988இல் சியோல் ஒலிம்பிக்கின் 100 மீட்டர் மல்லாந்த நீச்சலில் அமெரிக்காவின் டேவிட் பெர்காஃப், தொடக்கத்திலிருந்து ஏறத்தாழ 35 மீட்டர் உள்நீச்சலிலேயே போனார். தகுதிச் சுற்றில் 54.51 நொடியில் உலகச் சாதனை. நீர்ப்பரப்பில் உடல் எழுப்பும் அலையே உடலைப் பின்னுக்கு இழுக்கிறது; ஆழத்தில் அந்த இழுப்பு இல்லை, அதுதான் சூட்சுமம். இறுதியில் ஜப்பானின் டைச்சி சுசூகி 0.13 நொடியில் முந்திவிட்டார், அவரும் உள்நீச்சல்காரர்தான். அதற்குப் பின்னரே நீச்சல் சம்மேளனம் விழித்துக்கொண்டு முதலில் 10 மீட்டர், பிறகு 15 மீட்டர் என்று எல்லை கட்டியது. தடை வந்தது உள்நீச்சலின் தொலைவுக்கு, ஓங்கில் உதைக்கு அல்ல. ஒரே சொல்லாக இருந்திருந்தால் இந்த வாக்கியத்தையே எழுதியிருக்க முடியாது. சிங்கப்பூரில் பெண்கள் 50 மீட்டர் மல்லாந்த நீச்சலை 27.08 நொடியில் வென்ற கேத்தரின் பெர்காஃப் அந்த டேவிட் பெர்காஃபின் மகள் என்பதை நண்பர் தன் குறிப்பில் விட்டுவிட்டார். தயவுசெய்து சேர்த்துக்கொள்ளவும்.

குளத்தின் குறுக்கே, சுவருக்கு 5 மீட்டர் முன்னால் கட்டும் முக்கோணக் கொடிகளுக்கு 'எச்சரிக்கைக் கொடி வரிசை' என்று மூன்று சொற்களைச் செலவழித்திருக்கிறார்கள். திருவிழாவுக்குத் தெருவின் குறுக்கே கட்டினால் அதற்கு என்ன பெயர்? தோரணம். போட்டியாளருக்குச் சுவர் தெரியாது; தோரணம் தலைக்கு மேலே கடந்ததும் கைவீச்சை எண்ணத் தொடங்குவார், அவரவர் கணக்கு அவரவருக்கு. பள்ளி நாட்களில் ஒரு போட்டியில் தோரணம் கட்ட மறந்துவிட்டார்கள். எண்ண எதுவுமில்லாமல் போய் உச்சந்தலையால் சுவரைத் தொட்டேன். தையல் நான்கு, இடம் ஆறாவது. அந்தச் சொல்லில் எனக்குக் கொஞ்சம் தனிப்பட்ட அக்கறை இருப்பதை ஒப்புக்கொள்கிறேன்.

சுவரருகே உருண்டு திரும்பும் 'ஃபிளிப் டர்ன்' என்பதற்கு வந்த 'குட்டிக்கரணத் திருப்பம்' எனக்கு முழுச் சம்மதம். ஆனால் பழைய செய்திகளை மொழிபெயர்க்கும்போது கவனம். 1991 வரை மல்லாந்த நீச்சலில் திரும்புமுன் கையால் சுவரைத் தொட்டே ஆகவேண்டும். 1936 பெர்லின் ஒலிம்பிக்கில் நெதர்லாந்தின் நிடா சென்ஃப் 100 மீட்டர் இறுதியில் சுவரைத் தொடாமல் திரும்பிவிட்டு, தவறு உறைத்ததும் திரும்பப் போய்த் தொட்டுவிட்டு வந்து, அப்படியும் தங்கம் வென்றார். அந்தக் கதையில் போய்க் குட்டிக்கரணத்தை நுழைத்தால் அவர் எதைத் தவறவிட்டார் என்பதே வாசகருக்குப் புரியாது. அங்கே 'சுவர்த்தொடுகை' என்று எழுதவேண்டும்.

ஒன்றே ஒன்று மிச்சம். தொடக்கத்தில் கைப்பிடியைப் பற்றிக்கொண்டு சுவரைப் பார்த்துத் தொங்கும்போது பாதம் வழுக்காமல் இருக்க, மேடையிலிருந்து பட்டை வார்களில் ஒரு சரிவான பலகையை நீர்மட்டத்துக்கு இறக்கிவிடுகிறார்கள். குதிகால் தாங்கவும் இல்லை, முழுப் பாதம் பதியவும் இல்லை. விரல்கள் சுவரைத் தொட்டிருக்க, பாதத்தின் முன்பகுதி மட்டும் அதில் ஒட்டுகிறது. 'கால்தாங்கி' என்றால் முடிதிருத்தும் கடை நாற்காலி நினைவுக்கு வருகிறது. 'மிதிபலகை' என்றால் பஸ் படிக்கட்டு. பனையேறிகளிடமோ தோணிக்காரர்களிடமோ இதற்கு ஒரு சொல் இருக்கவேண்டும் என்று மனம் சொல்கிறது. தெரிந்தவர்கள் எழுதுங்கள். ஞாயிற்றுக்கிழமைக்குள் வராவிட்டால் நண்பர் 'லெட்ஜ்' என்றே போட்டுவிடுவதாக மிரட்டுகிறார்.

அன்புடன்,
உச்சந்தலையில் தழும்புள்ள உறுப்பினர்