ஜப்பான் பாக்கெட் வாட்ச்: எங்கிருந்து வந்தது என்று எப்படிக் கண்டுபிடித்தீர்கள்?

டோக்கியோவாசி:
மூன்று வருஷமாக மனதை அரிக்கிறது. ஓஎடோ பழம்பொருள் சந்தையில் ஒரு ‘19 செய்கோ’, ஜப்பான் ரயில்வேக்காரர்கள் வைத்திருந்த பாக்கெட் வாட்ச். பின்பக்கம் திருப்பினால் ‘ஷோவா 38’, பக்கத்தில் ரயில்வே பெயர். ஷோவா என்பது ஒரு ஜப்பான் பேரரசர் காலத்து ஆண்டுக் கணக்கு; 38-உடன் 1925-ஐக் கூட்டுங்கள், 1963. விற்ற பெரியவர் அந்த எழுத்தின் மேல் விரலை வைத்தார். அப்புறம் வாட்சை எடுத்து, எதிரே ஏதோ பள்ளத்தில் பதிப்பது போல மெல்ல அழுத்திக் காட்டினார். ரயில் ஓட்டுநருக்கு முன்னால் வாட்ச் வைக்க ஒரு வட்டக் குழி இருக்குமே, அது! கையில் பணம் போதவில்லை. அடுத்த சந்தையில் அவரைக் காணோம். பின்னால் ஜப்பான் எழுத்து இருந்தால் போதும், வேறெதையும் தேட வேண்டாம்.

பழையமுள்:
போதாது நண்பரே. யோகோஹாமாவில் நான் வாங்கியதிலும் ஜப்பான் எழுத்து உண்டு. உள்ளங்கை நிறைகிற வெள்ளி உறை, சாவி போட்டு முறுக்க ஒரு துளை. பின்மூடியைத் திறந்தால் உள்ளே இன்னொரு மூடி, அதுவும் கண்ணாடி! அதற்கு அடியில் கொடிக்கொடியாய்ச் செதுக்கிய இயந்திரம். மூச்சே நின்றுவிட்டது. ஆனால் பிறந்தது சுவிட்சர்லாந்தில். மெய்ஜி காலத்தில் (1868–1912) ஃபாவ்ர்-பிராண்ட் போன்ற யோகோஹாமா வணிகர்கள் தருவித்து விற்ற ‘ஷோகன்’, அதாவது வணிக நிறுவன வாட்ச் வகை. செய்கோ வாட்ச் செய்த செய்கோஷா தொழிற்சாலையின் முதல் பாக்கெட் வாட்ச் ‘டைம்கீப்பர்’ வந்ததே 1895-இல்தான்.

ஈப்போமணி:
தாத்தாவுக்கு மலாயாவை ஜப்பான்காரன் ஆண்ட காலத்தில் கிடைத்த வாட்ச். பின்னால் ஒரு நங்கூரம், சின்ன வயதில் விரலால் தடவிய ஞாபகம். அப்பா பழுது பார்க்கக் கொடுத்தார். பாலிஷ் போட்டு வழவழவென்று திருப்பித் தந்தார்கள். நங்கூரம் என்றால் கடற்படை வாட்சாக இருந்திருக்கலாம். இன்று அதைக் காட்ட ஒன்றுமில்லை.

அதனால் சொல்கிறேன், யாரும் கேட்காவிட்டாலும். பாலிஷ் போடவே போடாதீர்கள். கடையில் கொடுக்குமுன் எல்லாப் பக்கமும் படம் எடுங்கள், வெளிச்சத்தைச் சாய்வாக விழவிட்டால் தேய்ந்த எழுத்தும் தெரியும். பின்மூடி திருகு வகையா, நெம்பும் வகையா என்று பார்க்காமல் கத்தியை வைக்காதீர்கள். உறையில் இருக்கும் வெள்ளி முத்திரை உறையின் ஊரை மட்டுமே சொல்லும், இயந்திரத்தின் ஊரை அல்ல. டயலை எவரும் மாற்றியிருக்கலாம், ஆகவே இயந்திரத் தகட்டில் உள்ள முத்திரையைப் பாருங்கள். அளவெடுப்பதும் இயந்திரத்தைத்தான்: 19 செய்கோவில் 19 என்பது லீன் கணக்கு, வாட்ச் இயந்திரத்தை அளக்கும் பழைய பிரெஞ்சு அளவு; சுமார் 43 மில்லிமீட்டர். ஷோவாவுக்கு முந்தைய தைஷோ காலத்து வருஷம் என்றால் 1911-ஐக் கூட்ட வேண்டும், 1925-ஐ அல்ல.

டோக்கியோவாசி:
பழையமுள், ஷோகன் விஷயத்தில் நீங்கள் சொல்வது சரி. ஆனால் நான் சொன்னது 19 செய்கோவை. 1929-இல் ஜப்பான் ரயில்வேயே தேர்ந்தெடுத்த வாட்ச் அது. ஈப்போமணி, மூடியின் உட்பக்கத்தை யாராவது பார்த்தீர்களா? பாலிஷ் அங்கே எட்டியிருக்காது.